தொண்ணூற்றொன்றாம் பக்கம், ஏழாம் வரி

பிறர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே இருபத்தெட்டு ஆண்டுகள் சோறு தின்றவன் நான். பிழை திருத்துநர் என்பது பதவிப் பெயர். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு என் மாமா இதைத்தான் சொன்னார். "தப்பு கண்டுபிடிக்கிறதுக்கெல்லாம் சம்பளம் தராங்களா?" என்று பெண்ணின் தாயார் வியந்தார். அவர் அதே வேலையை ஆயுள் முழுவதும் இலவசமாகச் செய்துவருபவர் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் அச்சகம் ராயபுரத்தில், துறைமுகச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அது மூடப்பட்டபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. முதலில் இயந்திரங்கள் ஓய்வு பெற்றன, பிறகு மின்விசிறி, கடைசியாக நான். கடைசி வருஷம் என்னோடு வேலைக்குச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் இப்போது ஒரு பெரிய பதிப்பகத்தில் இருக்கிறார்கள். பிழையைக் கணினியே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறதாம். "உங்க காலத்துல எப்படிச் செஞ்சீங்க, கொஞ்சம் எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார்கள். விழுந்த பல்லை அருங்காட்சியகத்துக்குக் கேட்பது போல இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டார்களே.

தொழில் பழகிய கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டு, சங்க இலக்கியத்தைக் கரைத்துக் குடித்த திமிரோடு உள்ளே நுழைந்தேன். முதல் வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையும் ஒரு கருமாதிப் பத்திரிகையும் ஒரே நாளில் மேசைக்கு வந்தன. இரண்டையும் பார்த்து "சரி" என்று கையெழுத்துப் போட்டேன். கருமாதிக்குக் கூப்பிட்டவர்கள் "தங்கள் நல்வரவை மகிழ்வுடன் எதிர்நோக்கும்" என்று முடித்திருந்தார்கள். கல்யாண வீட்டார் "கண்ணீருடன்" அழைத்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் வந்து சத்தம் போட்டார். கருமாதி வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. இறந்தவர் யாரோ, அவரோடு பழகியவர்களுக்கு அது பிழையாகப் படவில்லை போலும்.

அன்று என்னை வேலையை விட்டு அனுப்பாமல் காப்பாற்றியவர் தலைமைப் பிழை திருத்துநர் தணிகாசலம் ஐயா. ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, திருவொற்றியூரிலிருந்து சைக்கிளில் வருவார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவர் மேசை இழுப்பறையில் ஒரு மருந்துப் புட்டி நிறையப் புளியங்கொட்டை வைத்திருப்பார். நாம் பார்த்து முடித்த புரூஃபை அவர் மறுபடி பார்ப்பார். தப்பிப்போன பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு கொட்டையை வைத்து, தாளை அலுங்காமல் நம் மேசைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அந்த வரியில் பிழை எது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். வெளியே கன்டெய்னர் லாரி போனால் கட்டடமே அதிரும், கொட்டைகள் வரி மாறி உருளும். அப்போது சரியாக இருக்கும் வரியையும் நாம் அரை மணி நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதையும் அவர் தடுக்க மாட்டார். "நல்ல வரியைக் கவனமாப் படிச்சா கெட்டா போயிடுவே?" என்பார்.

படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இன்னொருவர் அச்சுப் படியில் ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்துக்கொண்டே போக வேண்டும். கண் மட்டும் போதாது. கண் சோம்பேறி, பாதிச் சொல்லைப் பார்த்துவிட்டு மீதியைத் தானே இட்டுக்கட்டும். விரலுக்கு அந்த அளவு படிப்பு கிடையாது. எனக்குப் படித்துக் காட்டியவள் மணிமேகலை, வியாசர்பாடிக்காரி. "வானம் சிவந்தது கமா அவள் கன்னமும் சிவந்தது ஆச்சரியக்குறி, இதுல இன்னா சார் ஆச்சரியம் கீது, புள்ளி" என்று நிறுத்தற்குறிகளோடு விமர்சனத்தையும் சேர்த்தே படிப்பாள்.

தணிகாசலம் ஐயாவுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, இடம் போதாவிட்டால் எழுத்தாளரின் வரியை நாம் வெட்டலாம். ஆனால் நாமாக ஒரு சொல்லையும் சேர்க்கக் கூடாது. இன்னொன்று, திருத்தச் சீட்டு கூடாது. புத்தகம் அச்சான பிறகு பிழை தெரிந்தால், "இன்ன பக்கத்தில் இன்னதை இப்படித் திருத்திப் படிக்கவும்" என்று ஒரு துண்டுத் தாள் அடித்து உள்ளே ஒட்டுவார்களே, அது. "அது வாசகனுக்கு அச்சகம் எழுதுற மன்னிப்புக் கடிதம். நான் இருக்கிற வரைக்கும் இங்கேர்ந்து அது போகாது" என்பார். போனதும் இல்லை. அந்த ஒரு தடவை தவிர.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் முதலாளி மாத நாவல் போட்டுக்கொண்டிருந்தார். பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்குமே, அந்த ஜாதி. தொண்ணூற்றாறு பக்கம், ஒரு வரி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் வீதம் ஆறு தாள். கதை தொண்ணூற்றேழாம் பக்கத்துக்கு வழிந்தால் அங்கே தாளே கிடையாது. வழக்கமாக எழுதும் துப்பறியும் எழுத்தாளருக்கு அந்த ஆண்டு நவம்பர் இதழ் நேரத்தில் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. முதலாளி கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் பனிக்கட்டிப் பார் உடைக்கும் லூர்துசாமி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஐஸ் கம்பெனிச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். பாதி ஈரம். புனைபெயர் இருள்கோமான். பகலில் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

நாவலின் பெயர் 'கருந்துடுப்பு'. ஏழு கடற்கரைகளை வென்ற ஒரு பேரரசன். அவன் வாயைத் திறந்து பேசுவதே இல்லை. ஓர் ஊரைப் பிடித்ததும் முதல் வேலையாக அந்த ஊரில் இறந்தவர்களின் பெயர் எழுதிய ஓலைகளை எரித்துவிடுவான். சொல்ல ஆளில்லாத பெயர்க்காரர்கள் கடலுக்கு அடியிலிருந்து எழுந்துவந்து அவனுடைய கறுப்புக் கப்பல்களில் துடுப்புப் போட வேண்டும். ஓய்வே கிடையாது. இப்படி வென்ற ஊரின் பிணங்களைக் கொண்டே அடுத்த ஊரை வெல்கிறான். எலும்புக் கோட்டை, மீன் கண் சூனியக்காரி, நாள் தவறாமல் பெய்யும் சாம்பல் மழை எல்லாம் உண்டு. சாம்பல் மழையை எங்கள் பக்கத்தில் யாரும் கற்பனை என்று சொல்ல மாட்டார்கள். அனல் மின் நிலையத்துப் புகைக்கு நடுவே மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த சமாசாரம். கடைசியில் உப்புக் கரை மக்கள் கலகம் செய்கிறார்கள். அவர்களிடம் ஆயுதம் இல்லை. விடியும் நேரத்தில் கரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் எழுந்து, இறந்துபோன தங்கள் ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். பெயர் கேட்டவன் துடுப்பைக் கீழே போடுகிறான்.

படித்துவிட்டு நான் உதட்டைப் பிதுக்கினேன். நவீன இலக்கியம் படிக்கிறவன் என்ற எண்ணம் எனக்கு. மணிமேகலை மட்டும் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து விமர்சனத்தை விட்டுவிட்டு நேராகப் படித்தாள்.

கணினியில் கோத்து முடித்ததும் பார்த்தால், தொண்ணூற்றாறு பக்கம் போகப் பதினோரு வரி மிச்சம். இது வாடிக்கைதான். சாதாரணமாக நிலவை வெட்டுவேன். நிலவை வெட்டினால் எந்த எழுத்தாளரும் சண்டைக்கு வந்ததில்லை, அவர்களுக்கே நினைவிருக்காது. இந்த நாவலில் நிலவே கிடையாது; பேரரசன் அதை முதல் அத்தியாயத்திலேயே விழுங்கிவிட்டான். பக்கங்களைப் புரட்டினேன். தொண்ணூற்றொன்றாம் பக்கம் ஏழாம் வரியில் அந்தப் பெயர்ப் பட்டியல் கிடைத்தது. மரியான், எல்லப்பன், ஆரோக்கியம், தேசப்பன், சூசை என்று முப்பத்தொரு பெயர். அளந்து பார்த்தால் சரியாகப் பதினோரு வரி! பேரரசனுக்கும் தளபதிகளுக்கும் நாலு முழத்துக்குப் பெயர் வைத்த மனிதர், கடைசியில் அலுத்துப்போய்த் தெருவில் போகிறவன் பெயரையெல்லாம் போட்டு இடத்தை அடைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முதல் பெயரை மட்டும் விட்டுவிட்டு, மீதிக்கு ஒரே கோடு. பக்கத்தில் "இன்னும் பலர்" என்று எழுதினேன். மணிமேகலை கடைசி அத்தியாயத்தை எனக்குப் படித்துக் காட்டாமலே அன்று தன் அக்கா மகளின் காதுகுத்துக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் சத்தமாகப் படித்திருப்பாள். ஐயாவுக்குப் பல்வலி, இடம் சரியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டார். கச்சிதமாக, என்றேன். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

மாத நாவலில் எழுத்தாளருக்குப் புரூஃப் காட்டும் வழக்கம் கிடையாது. ஆறு தாளும் அச்சாகி, மடித்து, அட்டை போடக் காத்திருந்த வியாழக்கிழமை காலை லூர்துசாமி வந்தார். கையில் ஒரு பை நிறையச் சங்கரா மீன். ஐயாவுக்காம். ஐயா சைவர் என்பதால் பை என் மேசைக்கு வந்தது. அதை வாங்கிக்கொண்டு, மடித்த தாள்களில் ஒரு முழுத் தொகுப்பைப் பெருமையோடு எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் நேராகத் தொண்ணூற்றொன்றாம் பக்கத்துக்குப் போனார். நின்றுகொண்டே படித்தார். திரும்பவும் படித்தார்.

"சார், பேருங்க எங்க?"

"கொஞ்சம் இடம் பத்தல லூர்து. பதினோரு வரி. வெட்டினதே தெரியாது பாருங்க, வாக்கியம் எப்படி ஓடுது!"

"இன்னும் பலரா?"

"அதாவது, வாசகனோட கற்பனைக்கு..."

"கதைய நீங்க படிச்சீங்கதானே சார்? பேரரசன் இன்னா பண்றான் அதுல?"

"பேர் சொல்லாத செத்தவங்களை எழுப்பி..."

"துடுப்பு போட வுடுவான். முப்பது பேர நீங்களே இட்டாந்து அவன் கப்பல்ல ஏத்தி வுட்டுட்டீங்களே சார்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருக்கலாம். மடித்த தாள்களை மேசையில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். அந்த முப்பத்தொரு பேரும் காசிமேட்டுக் குப்பத்தில் இருந்தவர்கள். ஒரே நாளில் அல்ல, பல வருஷங்களில், பல படகுகளில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் கல்லறை இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் எல்லோரும் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இந்த வீட்டுப் பெண்கள் மட்டும் எந்தக் கல்லில் ஏற்றுவது என்று தெரியாமல் கல்லறைத் தோட்டத்து வாசலோடு நிற்பார்கள். எல்லப்பன், தேசப்பன் வீடுகள் இந்து வீடுகள்தான். அவர்களும் அன்று வந்து நிற்பார்களாம். நிற்பதற்கு ஜாதகம் பார்க்க வேண்டுமா என்ன.

"அவங்க கைல சொல்லிட்டேன் சார். இந்த வருசம் பேரு அச்சுல வந்துடும், பொஸ்தகத்த வெச்சி வத்தி ஏத்துங்கன்னு. அடுத்த வாரம் கல்லறைத் திருநாளு. இப்ப போயி இன்னா சொல்றது? மரியான் பொண்டாட்டி ஒண்டி வா, மத்தவங்கல்லாம் இன்னும் பலருன்னா?"

மணிமேகலை படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் படிச்சிருந்தா கேட்டிருப்பேன் சார். நம்ம தெரு பேரு மாதிரி கீதேன்னு." அந்த நிமிஷம் அவளைவிடப் படித்தவனாக இருப்பது எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது.

தணிகாசலம் ஐயா எழுந்து வந்தார். ஐஸ் கம்பெனிச் சீட்டைக் கேட்டு வாங்கினார். விரலை வைத்து முப்பத்தொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "யார் வெட்டினது?" என்றார். தெரிந்துதான் கேட்டார்.

"நான்தான் ஐயா."

அவர் புட்டியைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே "பிழை திருத்தம்" என்று எழுதி அடிக்கோடு போட்டார். அந்த இரண்டு சொற்களை அவர் கையெழுத்தில் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

முதலாளி குதித்தார். "மாச நாவலுக்குத் திருத்தச் சீட்டா? சுண்டல் பொட்டலத்துக்கு யாராவது முன்னுரை எழுதுவானா ஐயா?"

"எழுத்தாளர் எழுதினதுல தப்பு இல்லீங்க. தப்பு நம்ம மேசையில நடந்தது" என்றார் ஐயா. "தாள் வாங்க வேணாம். அட்டை வெட்டி மிஞ்சற துண்டு போதும். ஒட்டற வேலையை நாங்க பார்த்துக்கறோம்."

முதலாளி அவரை இருபது வருஷமாக அறிந்தவர். சரி என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

சீட்டு தட்டச்சாகி வந்ததும் ஐயா அதை என்னிடம் நீட்டினார். "ஊர்ப்பேர் ஆள்பேருக்கு அகராதி கிடையாது. சொந்தக்காரங்ககிட்டப் போய்ப் படிச்சுக் காட்டிட்டு வா. ஒவ்வொரு பேருக்கும் ஒருத்தர் சரின்னு சொல்லணும்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் காசிமேட்டு ஏலக் கொட்டகைக்குப் போனேன். வியாபாரம் முடிந்து தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். லூர்துசாமி பெண்களைக் கூட்டி வைத்திருந்தார். காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு கூடை. அதில் உட்கார்ந்த வேட்டியை என் மனைவி மூன்று தண்ணீர் அலசினாள்.

"மரியான்" என்று படித்தேன்.

"கீறாரு, மேல படி" என்றாள் ஒருத்தி.

"எல்லப்பன்."

"ஆங்."

"சூசை."

"த பார்ரா! பெரிய சூசை உசுரோட கீறாரு. தோ, அங்க குந்திகினு பீடி வலிக்கிறாரு பாரு. போனது சின்ன சூசை. நல்லா எய்து நைனா, கெய்வன் பாத்தா பேஜாரு பண்ணுவாரு."

பெரிய சூசை தூரத்திலிருந்து, "இன்னாடி, என்ன இன்னாத்துல சேக்கறீங்க?" என்று குரல் கொடுத்தார். "ஒன்னிய யாரும் சேத்துக்க மாட்டேன்றாங்க, சொம்மா வலி" என்று பதில் போயிற்று. பெண்கள் சிரித்தார்கள். நான் "சின்ன" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் எங்கிருந்தாவது ஓர் "ஆங்" வந்தது. பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பது போலத்தான். ஆனால் பதில் சொன்னது வேறு ஆள்.

"அந்தோணி" என்றேன்.

தூணில் சாய்ந்து நின்றிருந்த ஒரு பெண்ணை எல்லோரும் பார்த்தார்கள். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் பொட்டு, காலில் மெட்டி.

"எம்புருசன் பேர யாரு போடச் சொன்னது?"

லூர்துசாமி தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான் அண்ணி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தோணி அவருடைய அண்ணன். இவள் அண்ணி, பிலோமினா.

"ஒங்க அண்ணன நீ எய்திட்டே. நான் எய்தல. செத்தவரு லிஸ்ட்ல போட நீ இன்னா கண்ணால கண்டியா?"

"ஏழு வருசம் ஆச்சு பிலோமினா" என்றாள் பக்கத்தில் இருந்தவள், மெதுவாக.

"ஆவட்டும். ஒன் ஆளு கடலுக்கு போன போட்டு ஒடஞ்சி கரைக்கி வந்துச்சி, பலகைய பாத்து அய்தே. எனுக்கு இன்னா வந்துச்சி? பலக வந்துச்சா, சட்ட வந்துச்சா? வந்தா நானும் அய்வேன்."

நான் பேனாவை எடுத்தேன். இதுதான் எனக்குத் தெரிந்த வேலை. "சரிம்மா, அந்தப் பேரை அடிச்சிடறேன்."

"அடிச்சிடுவியா?" அவள் என் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் பொஸ்தகத்துக்குள்ள இருக்கசொல்ல அவுரு ஒண்டி வெளில நிப்பாரா? இன்னா சார் படிச்சவரு நீ?"

பேனாவைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் தொழிலில் முப்பது நாற்பது குறிகள் உண்டு. நீக்கு, சேர், இடம் மாற்று, இடைவெளி விடு, பிரி, கூட்டு. இந்த அம்மாள் கேட்டதற்கு ஒரு குறி இல்லை. செத்தவர்களோடு இருக்கக் கூடாது. புத்தகத்தை விட்டுப் போகவும் கூடாது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "மேலிடத்துல கேட்டுட்டு வரேன்மா" என்றேன். அரசாங்க ஆபீஸில் சொல்வார்களே, அதே வார்த்தை. அவள் அதை நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

லூர்துசாமியும் என் கூடவே அச்சகத்துக்கு வந்தார். ஜி.எம். பேட்டை ரோடு திரும்பும்போது, "அண்ணனுக்காகத்தான் சார் கதையே எய்தினேன். அவுரு எங்கயோ துடுப்பு போட்டுகினே கீறாருன்னு தோணும், தூக்கம் வராது. பேர சொல்லிட்டா வுட்டுடுவான்னு நெனச்சேன்" என்றார்.

தணிகாசலம் ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தொண்ணூற்றொன்றாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் விரல் ஏழாம் வரியின் தொடக்கத்தில் வந்து நின்றது.

"இந்தப் பேரையெல்லாம் சொல்றது யாரு?"

"கலகக்காரன் ஐயா. 'ஒருவன் எழுந்து'ன்னு இருக்கு."

"அவனுக்குப் பேர் கிடையாதா?"

"கிடையாது."

"பிற்பாடு சாகறானா?"

நான் லூர்துசாமியைப் பார்த்தேன். அவர் யோசித்தார். "இல்ல சார். அத்தோட அவன பத்தி நான் எய்தவே இல்ல. மறந்தே பூட்டேன்."

ஐயா பேனாவை எடுத்தார். எழுதவில்லை. "இது உங்க வரி. நான் இதுவரைக்கும் யார் வரியிலயும் ஒரு சொல் சேர்த்ததில்ல. நீங்க வேணாம்னா விட்டுடறேன்" என்றார். லூர்துசாமி ஐஸ் உடைத்துக் காய்த்துப்போன கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். ஐயா எழுதினார்:

"பக்கம் 91, வரி 7: 'ஒருவன் எழுந்து' என்பதை 'அந்தோணி எழுந்து' என்று திருத்திப் படிக்கவும். 'மரியான், இன்னும் பலர்' என்பதைக் கீழ்க்கண்டவாறு திருத்திப் படிக்கவும்."

கீழே முப்பது பெயர்.

சனிக்கிழமை பகல் முழுவதும் ஒட்டினோம். மைதாப் பசை காய்ச்சி மூன்று அலுமினியக் குண்டானில் வைத்திருந்தது. ஐயா, நான், மணிமேகலை, லூர்துசாமி. பதினோரு மணிக்குக் குப்பத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்து, கேட்காமலே தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். மீன் ஆய்கிற கைகள், எங்களைவிட மூன்று மடங்கு வேகம். ஒருத்தி ஒட்டிக்கொண்டே, "இதுல எது எங்க ஊட்டுக்காரரு?" என்று கேட்டாள். மணிமேகலை விரலை வைத்துக் காட்டினாள். அதன் பிறகு அவள் ஒட்டிய ஒவ்வொரு சீட்டிலும் அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை அதிகமாக அழுத்தினாள். அந்தக் கட்டுகளை மேலூர்க் கடைகளில் வாங்கியவர்கள், ஆறாம் பெயருக்கு மேல் ஏன் ஒரு விரல் ரேகை என்று யோசித்திருக்கலாம்.

பிலோமினா வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. முப்பது பேரை வெட்டியவன் மாலைக்கும் மெழுகுவத்திக்கும் நடுவில் போய் நின்றால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. வாசலோரமாகப் புத்தகங்களைத் திறந்து வரிசையாகச் சுவரில் சாய்த்து, ஒவ்வொன்றின் முன்னாலும் வத்தி ஏற்றினார்கள் என்று லூர்துசாமி சொன்னார். காற்றில் பக்கம் புரளாமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்தார்களாம்.

அதற்கு அடுத்த நாள் காலை பிலோமினா அச்சகத்துக்கு வந்தாள். தலையில் வெறுங்கூடை, கையில் பாலித்தீன் பையில் சுற்றிய புத்தகம். வாசலிலேயே நின்றாள்.

"நீ தானே மேலிடத்துல கேட்டுகினு வரேன்னது? படி."

தொண்ணூற்றொன்றாம் பக்கத்தை எடுத்தேன். சீட்டில் சொன்னபடி திருத்திப் படித்தேன். "அந்தோணி எழுந்து, இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான்." முப்பது பெயரையும் படித்தேன். அவள் கூடையை இறக்கி வைக்காமலே கேட்டாள்.

"அப்பால இன்னா ஆனாரு?"

"அதோட அவரைப் பத்தி வரலம்மா."

"செத்தாருன்னு எங்கனா போட்டுகீதா?"

"இல்லன்னு நினைக்கிறேன்."

"நெனக்கிறியா? பாத்து சொல்லு சார். முன்னயும் நீ நெனச்சிதானே வெட்டினே?"

நான் புத்தகத்தை மேசையில் வைத்து உட்கார்ந்தேன். மணிமேகலை எழுந்து வந்து, நான் கேட்காமலே, பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். நான் ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்துக்கொண்டு போனேன். துடுப்புகள் கடலில் விழுந்தன. கறுப்புக் கப்பல்கள் நின்றன. பேரரசன் முதல் தடவையாக வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. எலும்புக் கோட்டை சரிந்தது. யார் யாரோ இறந்தார்கள். ஒவ்வொருவர் இறக்கும்போதும் மணிமேகலை நிறுத்தி, பெயரை இரண்டு தடவை படித்தாள். மிச்சமிருந்த ஐந்து பக்கமும் முடிந்து, முற்றும் என்ற சொல்லின் கீழும் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"இல்லம்மா. வார்த்தை வார்த்தையாப் பாத்தாச்சு. எங்கயும் இல்ல."

பிலோமினா புத்தகத்தை வாங்கிப் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். வெளியே ரோட்டைப் பார்த்தாள்.

"சரி, நேரமாவுது. கடலுக்கு போன போட்டுங்க வந்துகினு இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காசிமேட்டுப் பக்கம் நடந்தாள்.